இரண்டாம் பக்கத்துக் கடைசி இரண்டு பாட்டு

ஆயிரத்து முன்னூற்றெண்பது யூரோ. வீட்டுவேலை செய்யும் விக்னராஜாவுக்கு எசமானி சினியோரா எர்சிலியா கொடுக்கவேண்டிய மூன்று மாதச் சம்பளம். வேலைக்கு வேறு வீடு பார்த்துப் போகவும் வழியில்லை. அவன் நாட்டில் தங்குவதற்கான அனுமதிக் கடதாசி, பெர்மெஸ்ஸோ, அதற்குப் பொறுப்பு அவளுடைய கையெழுத்துத்தான். கொழும்பு லாட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்துக்கிடந்த மனைவி விமலராணி, மாத முடிவுக்குள் வாடகை வராவிட்டால் பெட்டியை வெளியில் வைத்துவிடுவார்களாம் என்று போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

விடிய, அந்தச் சிசிலி நகரத்தின் வியா மக்வேதாத் தெருவில் ஆறு மாடிப் படி துடைப்பான். முழங்கால் விட்டுப்போகும் நேரத்தில் சினியோராவின் வீட்டுக்கு வந்து சமையலைத் தொடங்குவான். அவள் ஒரு காலத்தில் ஜாஸ் பாடகி. 1961இல் ஒரே ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் உறையில் பாதிக் கண்ணை மூடியபடி சிரித்தவள், இப்போது சமையல் கேஸ்காரனுக்கும் கடன்.

2006 ஐப்பசியில் மிலானிலிருந்து லொரென்சோ என்றொருவன் வந்தான். பழைய இசைத்தட்டுகளை மறுபடி அடித்து யப்பான்காரருக்கு விற்கும் தொழில். கையெழுத்து வைத்தால் இரண்டாயிரம் யூரோ என்றான். கோப்பியோடு வந்த விக்னராஜா அதை மேசையில் வைக்க மறந்து நின்றான்.

சினியோரா கண்ணாடி போட்டு, கடைசி வரிவரை வாசித்து, பேனாவைக் கீழே வைத்தாள்.

“எல்லாப் பாட்டும் நான் பாடினதெண்டு கிடக்கு. ரெண்டு நான் பாடேல்லை.”

ஒலிப்பதிவின் மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் அவளும் வாத்தியக் குழுவும் சனிக்கிழமைகளில் பாடுவார்கள். அங்கே கோப்பை கழுவிய நூன்சியா, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமலே எல்லாப் பாட்டையும் காதால் பாடமாக்கியிருந்தாள். இரண்டாம் பக்கத்துக் கடைசி இரண்டையும் அவள்தான் பாடினாள். வாத்தியக் குழுத் தலைவன் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து அவள் வாயை அடைத்தான். பத்திரிகைக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடியது அந்த இரண்டையுந்தான். போன இடமெல்லாம் அதையே பாடச் சொன்னார்கள். சினியோரா பாட்டையே விட்டுவிட்டாள்.

லொரென்சோ சிரித்தான். நூன்சியா செத்து எத்தனையோ வருடம், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்றான். அவள் பெயரைப் போட்டால் பாதிக் காசு அவளுடைய மகனுக்குப் போகும், வெள்ளிக்கிழமை வருகிறேன், யோசியுங்கள் என்று எழும்பிவிட்டான்.

கதவு சாத்தியதும் விக்னராஜா வாய் திறந்தான். “சினியோரா, செத்தவள் வந்து சண்டை பிடிக்கப் போறாளோ?”

“உனக்குச் சிசிலியைத் தெரியாது. இஞ்சை செத்ததுகளும் வந்து கணக்குக் கேக்கும்.”

“பேர் எண்டுறது ஒரு கடதாசி, சினியோரா. என்ரை பாஸ்போட்டிலை பத்மநாதன் எண்டு கிடக்கு. அது நான் இல்லை. ஏஜென்சிக்காரன் தந்த பேர். ஏழு வருசமாச் சமாளிக்கிறன்.”

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தப் பேரிலை கூப்பிட்டால் திரும்புவியோ?”

“ரெண்டாந்தரம் கூப்பிட்டால் திரும்புவன்.”

அவள் அவனைக் கதிரையில் இருத்தி, அந்த இசைத்தட்டைப் போட்டாள். அவனுக்கு ஜாஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. சினியோராவின் குரல் இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்புக் குலையாமல் ஓட, அலுப்பில் அவன் கண் செருகிவிட்டது. திடீரென்று விழித்தான். வேறொருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்தவளின் குரல். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. படி துடைத்து முடித்துக் கடைசிப் படியில் குந்தும்போது அவனுக்கு வரும் மூச்சும் அப்படித்தான்.

பாட்டு முடிந்தது. கையெழுத்து வையுங்கள் என்று மறுபடி சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அடுப்படிக்குப் போய், இல்லாத அழுக்கைத் தேய்த்தான். விமலராணிக்கு என்ன சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை லொரென்சோ முணுமுணுத்தபடியே வேறு கடதாசி எழுதினான். இரண்டு பெயர். சினியோரா கையெழுத்து வைத்தாள். அவளுடைய பங்கு ஆயிரம். லொரென்சோ படியிறங்கமுன்னம் அதை அப்படியே விக்னராஜாவின் கையில் வைத்தாள்.

“மிச்சம் முன்னூற்றெண்பது. எப்ப தருவனெண்டு தெரியாது. பொய் சொல்ல மாட்டன்.”

லாட்ஜ் வாடகைக்கு ஆயிரம் போதும். விமலராணியின் டிக்கெட்டுக்குக் காணாது. மிச்சம் வந்தாலும் அதற்குக் காணாதுதான்.

“அது கிடக்கட்டும்,” என்றான். அவள் முகம் கடுத்தது. தான் பிச்சை வாங்குகிறவள் இல்லை, கடனை விடுவதென்றால் எழுத்தில் தா என்று லொரென்சோவின் பேனாவை நீட்டினாள்.

காசு வந்த கவரின் பின்பக்கத்தில் அவன் தமிழில் எழுதினான்: ஆயிரம் கிடைத்தது, மிச்சம் விட்டாயிற்று, இனி ஒரு சதமும் பாக்கியில்லை. கீழே விக்னராஜா என்று கையெழுத்து வைத்தான்.