தாழும் இறக்கையின் பக்கம்

போர்வையில் சுற்றிய எதையோ கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பீர்க்கன்கரணை முனையில் ஒருவர் நின்றிருந்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் என்னவென்று கேட்டுவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று நகர்ந்துவிட்டார்கள். அடுத்து ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்தவள் துர்கா.

“படப்பை தாண்டிப் போகணும்மா. மெதுவா போனா போதும். இது உடையக்கூடாது.”

“இன்னா சார் அது?”

அவர் போர்வையை விலக்கினார். முழம் முழமாக இரண்டு இறக்கையும், மூக்கில் ஒரு காற்றாடியுமாக வெள்ளை வெளேரென்று ஒரு விமானம்.

“அட, மீன் பொட்டி மூடி மாதிரி கீது!”

துர்கா பிறந்தது கானத்தூரில், மீன்பிடிக்கும் குடும்பத்தில். தெர்மாகோல் என்றாலே அவளுக்கு ஐஸும் வஞ்சிரமும்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். “கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டின ஃபோம். நானே வெட்டி ஒட்டினது.”

அவர் பெயர் ஹரிபிரசாத். பெருங்களத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், நாற்பது வயதிருக்கும். தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் எதையும் பறக்கவிடக் கூடாது. அதனால்தான் அவ்வளவு தூரம். படப்பைக்கு அப்பால் அவருடைய சித்தப்பா மனை போட்டு, விற்காமல் கிடந்த பொட்டல் ஒன்று இருந்தது.

அங்கே போனதும் அவருக்கு ஒரு சிக்கல். ரிமோட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். விமானத்தை வீசவும் ஒரு ஆள் வேண்டும். துர்கா முன்வந்தாள்.

“மேல பார்த்து வீசாதே. நேரா, தள்ளிவிடுற மாதிரி.”

அவள் தள்ளிவிட்டாள். உள்ளங்கையிலிருந்து அது கழன்று போன விதத்தில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எடையே இல்லாத அந்தச் சாமான் காற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியது. வேப்பமரத்தின் மேல் வளைந்தது. வெயில் பட்டு ஒருகணம் கொக்குபோல் தெரிந்தது. பிறகு அவர்களை நோக்கித் திரும்பியது, தடுமாறியது, தலைகுப்புற மண்ணில் குத்தியது.

ஹரிபிரசாத் துண்டுகளைப் பொறுக்கினார். “அடுத்த ஞாயிறு வர்றியா?” என்று மட்டும் கேட்டார்.

வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு புது விமானம் விழுந்து நொறுங்கியது. ஒருநாள் பெருங்களத்தூரில் சவாரி இறக்கிவிட்டு அவர் கடைக்குள் எட்டிப்பார்த்தாள். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு மேசை. அதில் அவர் இறக்கை செய்துகொண்டிருந்தார். ஃபோமின் மேல்தாளை மட்டும் கத்தியால் கீறி, கீழ்த்தாள் அறுபடாமல் அந்தக் கீறலின் வழியாக மடித்தார். தட்டையாயிருந்த அட்டை, முன்பக்கம் புடைத்து பின்பக்கம் மெலிந்து, பறவையின் இறக்கையாகவே ஆகிவிட்டது. சூட்டுப் பசையை மெல்லிய கோடாக இழுத்தார். பிறகு இரண்டு விரல் நுனியால் இறக்கைக்கு அடியில் தாங்கித் தூக்கினார். விமானம் மூக்கைச் சற்றே தாழ்த்தி, ஆடாமல் நின்றது.

“பேட்டரியை அரை இஞ்சு தள்ளினாக்கூட இது இப்படி நிக்காது,” என்றார்.

துர்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி அவர் கையில் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. இவ்வளவு நேர்த்தியான கையா ஒவ்வொரு ஞாயிறும் ரிமோட்டைப் பிடித்ததும் அப்படித் தடுமாறுகிறது?

அது அவளை விடவில்லை. முடிச்சூர் நெரிசலில் நிற்கும்போதும் அதே யோசனைதான். ஒவ்வொரு முறையும் விமானம் எப்போது விழுகிறது? போகும்போது இல்லை. திரும்பி வரும்போதுதான். எதிரே ஒரு தண்ணி லாரி வந்தது. லாரி டிரைவருக்கு எது இடதோ அது இவளுக்கு வலது. துர்காவுக்குப் பொறி தட்டியது. நம்மைப் பார்த்து வரும் விமானத்துக்கும் அப்படித்தானே? அவர் வலது என்று நினைத்துச் சாய்ப்பது அங்கே இடதாகப் போகிறது. அப்படியானால் இடம் வலம் என்றே யோசிக்கக் கூடாது. நம் கண்ணுக்கு எந்த இறக்கை தாழ்கிறதோ, முட்டுக்கொடுப்பதுபோல ரிமோட்டின் குச்சியை அந்தப் பக்கமே சாய்த்தால் போதும்.

அந்த ஞாயிறு ஆட்டோவில் போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஹரிபிரசாத்தின் முகம் சுருங்கியது.

“அது எனக்கும் தெரியும் துர்கா. வீடியோவுல ஆயிரம் தடவை பார்த்துட்டேன். தெரியறது வேற, கை செய்யறது வேற.”

தானே ஓட்டிப்பார்க்க வேண்டுமென்ற ஆசையை அவர் கண்டுகொண்டுவிட்டாரோ என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆசை இருந்ததென்னவோ உண்மை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவளுடைய வலது கட்டைவிரல் ஹேண்டில்பாரின் மேல் தானாக அசைந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது விமானம்தான் இருப்பதிலேயே அழகு. அடிப்பக்கம் தெரிவதற்காக ஒரு இறக்கைக்குக் கீழே சிவப்பு பூசியிருந்தார். அன்று காற்று லேசாகத்தான் இருந்தது. துர்கா தள்ளிவிட்டாள். அது உயரே போய் இரண்டு வட்டம் அடித்தது. மூன்றாவது வட்டத்தில் அவர்களை நோக்கித் திரும்பியதும் சிவப்பு இறக்கை தாழ்ந்தது. ஹரிபிரசாத்தின் விரல் எதிர்ப்பக்கம் போனது. இறக்கை இன்னும் தாழ்ந்தது. விரல் அங்கேயே உறைந்துவிட்டது.

“சார், குடுங்க!”

அவர் யோசிக்கவே இல்லை. கொடுத்துவிட்டார்.

துர்கா ரிமோட்டைக் குனிந்து பார்க்கவில்லை. சிவப்பு எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அந்தப் பக்கமே குச்சியைச் சாய்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக இறக்கை நிமிர்ந்தது. பனைமர உயரத்தில் அது அவர்கள் தலைக்கு மேலே ‘உய்ய்’ என்று கடந்துபோனது. கடலோரத்துப் பெண்தான், அலையில் கட்டுமரம் ஏறி இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் இது வேறு. அவ்வளவு உயரத்திலிருக்கும் ஒன்று அவளுடைய விரல் நுனி சொன்னதைக் கேட்டது.

“இன்னா சார், இன்னும் சுத்தட்டுமா?”

“சுத்து, சுத்து! இடது குச்சியைக் குறைச்சிடாதே, அது மோட்டார்!”

நான்கு வட்டம் அடித்தாள். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். விமானம் காய்ந்த புல்லின் மேல் வயிற்றை வைத்துச் சறுக்கி, ஒரு குலுங்கலோடு நின்றது.

ஹரிபிரசாத் ஓடினார். அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துர்காவுக்குப் பயம் வந்தது. பிடுங்காத குறையாக வாங்கிவிட்டோமே, மனுஷன் மனசு நொந்துபோயிருப்பாரோ?

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. கை துறுதுறுன்னுச்சு, அதான்…”

“ஒரு கீறல் இல்ல துர்கா.” அவர் சிவப்பு இறக்கையைத் தடவிப்பார்த்தார். “நான் செஞ்சது ஒண்ணுகூட முழுசா இறங்கினதில்ல. இதுதான் முதல்.”

விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார்: “உண்மையச் சொல்லட்டுமா? எனக்குச் செய்யத்தான் பிடிக்கும். சனிக்கிழமை வந்தாலே பயம் பிடிச்சுக்கும், நாளைக்கு இதைப் பறக்கவிடணுமேன்னு. செஞ்சவன்தான் ஓட்டணும்னு நானே நினைச்சுக்கிட்டேன்.”

“அய்ய, ஆட்டோவ செஞ்சவனா சார் வந்து ஓட்டிக்கினு கீறான்? நான்தான் ஓட்டறேன்!”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை ஞாயிறுகளில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, மிச்சமிருந்த இன்னொன்றை மாட்டினார். இந்த முறை வீசியவர் அவர். விமானத்தோடு தானும் பறந்துவிடுவதுபோல் பத்தடி ஓடி, கல் தடுக்கிக் குனிந்து, எப்படியோ தள்ளிவிட்டார். துர்கா ரிமோட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றினாள்.

திரும்பும் வழியில் படப்பையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஹரிபிரசாத் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

“அனு, இறங்கிடுச்சு! ஆமா, முழுசா! இல்லப்பா, நான் இல்ல, துர்கா. ஆட்டோ ஓட்டுறவங்க. நீ பார்க்கணும் அனு, நூல் கட்டி இழுக்கிற மாதிரி கொண்டாந்து இறக்கினாங்க…”

துர்கா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரம் அனுப்பிரியாவும் வர்றாளாம். நம்பமாட்டாளாம், நேர்ல பார்த்தாத்தானாம்.”

“இட்டுனு வாங்க சார்,” என்றாள் துர்கா. “பின்னாடி சீட்ல ஏரோப்ளேனுக்கும் எடம் வெச்சு குந்தச் சொல்லுங்க.”