வாடை இல்லாத கை

இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன ஹெலனின் கை அப்படியே நின்றது. விரல்களை மூக்கில் வைத்து முகர்ந்தாள். சாம்பார் வாசம். கொஞ்சம் சோப்பு வாசம். வேறொன்றும் இல்லை.

மணவாள நகரில் இந்த ஆயில் கடையில் அவள் உட்காரத் தொடங்கிப் பதினோரு வருஷம். கிரவுன் ஆயில் பட்ட கை மூன்று தரம் சோப்புப் போட்டாலும் விடாது. முட்டை அழுகினாற்போல, பட்டாசு வெடித்தாற்போல ஒரு நாற்றம். வண்டியின் பின் அச்சின் நடுவில் குடம் போல உப்பியிருக்கிறதே, அந்தக் கிரவுனுக்குள் பல்லோடு பல் நெரிபட்டுச் சுற்றும்போது இரும்பை இரும்பு தின்றுவிடாமல் காக்கிற மருந்தின் நாற்றம். அதற்குப் பயந்தே அவள் கடையில் ஸ்பூனால்தான் நாஷ்டா சாப்பிடுவாள். இன்றைக்கு ஸ்பூன் ஞாபகமே வரவில்லை. கை நாறினால் அல்லவா ஞாபகம் வரும்?

அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஹனீப் பாயின் பிக்கப்புக்கு இந்தக் கையால் இரண்டரை லிட்டர் பம்பு அடித்துக் கொடுத்திருந்தாள்.

எத்தனை பேச்சுப் பேசி ஊற்றிய ஆயில் அது!

"நூத்தி நாப்பது கிரேடு ஊத்திடலாம்க்கா. பாய் வண்டி கிரவுன் லேசா கத்துது. கெட்டியா ஊத்தினா அடங்கிடும்" என்றான் பக்கத்து ஷெட் மெக்கானிக் லோகு.

"அடக்குறதுக்கு நீ இன்னா வாத்தியாரா? பாய் வண்டி புக்குல தொண்ணூறுதான் போட்டுக்குது. அதுலயும் கியர் பாக்ஸுக்கு ஊத்துறது வேற, அச்சுக்கு ஊத்துறது வேற. சத்தம் அடங்கினா தேயறது நின்னுடுமா?"

ஹனீப் பாய் சிரித்தார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க லோகு. எழுதிக் குடுத்த மருந்தையே ஊத்து."

வண்டியின் பின்னால் ஒன்றரை டன் மோட்டார் ஒன்று கயிறு கட்டிக் கிடந்தது. முன்னால் அவர் மனைவி நஜ்மாவும் மகள் சிஃபாவும். சிஃபா மடியில் பிறந்து ஒன்பது நாளான குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார்கள். தேர்வாய் கண்டிகையில் மோட்டாரை இறக்கிவிட்டு அப்படியே பழவேற்காட்டு வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

ஹெலன் எழுந்து கடையின் பின்பக்கம் ஓடினாள். ஒரே மாதிரி நான்கு டிரம். எல்லாம் பழசு, எழுத்து அழிந்துபோனவை. பம்பின் கழுத்தில் கட்டியிருக்கும் துணியின் நிறம்தான் அடையாளம். சிவப்பு கிரவுனுக்கு. பச்சை, கிரேனுக்கும் ஜேசிபிக்கும் ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயிலுக்கு. நேற்று ஆயுத பூசை. ஹெலன் வீட்டில் மாதா படம்தான் என்றாலும், கடைக்கு வருகிறவர்களுக்காக வருஷா வருஷம் லோகுதான் இங்கேயும் டிரம் கழுவிச் சந்தனம் வைப்பான். இந்த வருஷம் துணிகளும் புதுசு.

சிவப்புத் துணி கட்டிய பம்பை ஒரு அடி அடித்து, உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. வாடை இல்லை. பச்சைத் துணி பம்பை அடித்தாள். குப்பென்று நாறியது.

"லோகு! டேய் லோகு! நேத்து துணிய எப்பிடிக் கட்டின?"

"நீ சொன்னாப்பலதான். வலது கோடி சிவப்பு, எடது கோடி பச்சை."

"எங்க நின்னுக்கினு கட்டின?"

அவன் யோசித்தான். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் நின்று கழுவியிருந்தான். அங்கிருந்து பார்த்தால் வலது, இந்தப் பக்கம் இடது.

"நீதானடா படுத்துக்கினு ஊத்தின? வாடை தெரியல?"

"ஜலதோசம்க்கா. நாலு நாளா மூக்கு செத்துக் கெடக்குது. நீ குடுத்தேன்னு ஊத்திட்டேன்."

நான் குடுத்தேன்னு. கிரவுன் இறுகினால் பின்சக்கரம் இரண்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். வண்டி நிற்கும், மோட்டார் நிற்காது. கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் வரும். முன்னால் சிஃபாவின் மடி.

ஹனீப் பாயின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார். நல்ல பழக்கம் என்று அவளே எத்தனையோ தரம் புகழ்ந்திருக்கிறாள்.

"வண்டிய எடு" என்றாள். ஐந்து லிட்டர் கேனில் மூன்று லிட்டர் பம்பு அடித்து, ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள். லோகு ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான். ஊத்துக்கோட்டை ரோட்டில் காற்று முகத்தில் அறைந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. ஆயில் மாறிப்போச்சுன்னு சொல்லாத. வாஷர் போட மறந்துட்டேன், ஒழுகும், அதான் தொரத்திக்கினு வந்தோம்னு சொல்லிக்கறேன். பழிய நான் எடுத்துக்கறேன்."

"மொதல்ல ஆளு முழுசா கெடைக்கட்டும்டா."

"விசயம் தெரிஞ்சா திருவள்ளூர்ல ஒரு வண்டி உன் கடைக்கு வராது. என் ஷெட்டுக்கும்."

பூண்டிக்கு முன்னால் ரோட்டோரம் கூட்டம் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெலனின் விரல்கள் லோகுவின் சட்டையை இறுக்கின. அவன் பைக்கை நிறுத்தினான்.

"இன்னா வண்டிங்க?" என்று கேட்டான்.

"வைக்கோல் டிராக்டர்ப்பா. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. வைக்கோல்தான் குளிக்குது."

யாரோ சிரித்தார்கள். லோகு பைக்கைக் கிளப்பினான்.

அடுத்த கிராமத்தில் டீக்கடை குப்பம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை பிக்கப்பா? பெரிய மோட்டார் ஏத்திக்கினு? போச்சே இப்பத்தான். ஊன்னு அழுதுக்கினு போச்சு. எம்மாடி, பேய் கத்துறாப்பல. இன்னாத்துக்குமா கேக்குற?"

காலையில் லேசாகத்தான் கத்தியது. இப்போது பேய் போல. ஹெலன் கேனை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாதாவே, இன்னும் ஒரு மைல், ஒரே ஒரு மைல் என்று உதடு முணுமுணுத்தது.

வளைவு திரும்பியதும் ஒரு புளியமரத்தடியில் பிக்கப் நின்றிருந்தது. நேராக நின்றிருந்தது. மோட்டார் கட்டிய இடத்தில் இருந்தது. முன் கண்ணாடியில் துப்பட்டாவைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இன்னா தங்கச்சி, இவ்ளோ தூரம்?" ஹனீப் பாய் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "புள்ளைக்குப் பால் குடுக்க நிறுத்தினேன். ஏதோ கருகுன வாடை வேற அடிக்குது."

"வாஷர், பாய்" என்று முந்திக்கொண்டான் லோகு. "ஆயில் எறக்குற போல்ட்டுக்கு வாஷர் போட மறந்துட்டேன். அத்த மாத்திட்டா..."

"அட, வாஷருக்கா இம்மாந்தூரம்? குடு, ஊட்ல போயி நானே போட்டுக்கறேன். வெயில் ஏறுது, புள்ள தாங்காது." வாஷரை வாங்கக் கையை நீட்டியவாறே அவர் கதவைத் திறந்து ஏறினார். சாவி குலுங்கியது.

லோகு ஹெலனைப் பார்த்தான். ஹெலன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவி போடாதீங்க பாய்! ஆயில் தப்பு. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். கிரேன் ஆயில் ஊத்திக்கினு ஓட்டினு வந்துக்கிறீங்க."

துப்பட்டாத் திரை விலகியது. நஜ்மாவின் முகம் தெரிந்தது. "இன்னா சொல்ற நீ? பச்ச ஒடம்புக்காரிய வச்சிக்கினு... எம் பேரப்புள்ள கீதுமா உள்ள!"

"தெரியும்க்கா. அதான் வந்தேன்."

"வாப்பா, எறங்கிடலாம் வாப்பா" என்றாள் சிஃபா, குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு.

ஹனீப் பாய் இறங்கினார். குனிந்து கிரவுனின் வயிற்றில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் உதறினார்.

முக்கால் மணி நேரம் அது ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு லோகு அடியில் படுத்து போல்ட்டைத் திறந்தான். கறுத்துப்போய், நீர்த்துப்போய் ஓடியது. உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் காட்டினான். அதற்குள் மிகப் பொடியாக வெள்ளி மின்னியது.

"தின்னுக்குது" என்றார் ஹனீப் பாய்.

"மேலாப்பலதான் பாய். பல்லு ஒடையல. துண்டு துணுக்கு ஒண்ணும் வரல."

"ஊடு வரைக்கும் போவுமா?"

லோகு ஹெலனைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. "போவும்னு நெனைக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

புது ஆயில் ஏறியது. நாற்றம் மரத்தடி முழுக்கப் பரவியது. நஜ்மா மூக்கைப் பொத்தினாள். "இந்த நாத்தம்தான் வரணும்க்கா" என்றாள் ஹெலன். நஜ்மா திரும்பிக்கொண்டாள்.

ஹனீப் பாய் வண்டியில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்தார். "சரி. நீ பின்னாடி ஏறு."

"நானா பாய்?"

"உன் கைதான ஊத்துச்சு? கிரவுனுக்கு மேல குந்திக்க. சத்தம் மாறுச்சுன்னா, சூடு ஏறுச்சுன்னா, கேபின தட்டு. எம் புள்ளைங்க முன்னாடி கீது. நீ பின்னாடி கீற."

அவள் ஏறினாள். மோட்டாருக்கும் பின்கதவுக்கும் நடுவில் கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தகரத் தரையில் பதித்துக்கொண்டாள். வண்டி மெல்ல நகர்ந்தது, மாட்டு வண்டி வேகத்தில். பைக்கில் லோகு பின்னாலேயே வந்தான். தரை அதிர்ந்தது. இந்த அதிர்வு ரோடா, பல்லா? ஒவ்வொரு வேகத்தடையிலும் மோட்டாரின் கயிறு முறுகி முனகும்போது உள்ளங்கைகளை இன்னும் அழுத்தினாள். ஊத்துக்கோட்டையில் ஒரு தரம் கேபினைத் தட்டிவிட்டாள். நிறுத்திப் பார்த்தால், பக்கத்தில் போன லாரியின் சத்தம்.

"இன்னாமா பேஜாரு, உயிர வாங்குற" என்றாள் நஜ்மா ஜன்னலில் தலையை நீட்டி.

தேர்வாய் கண்டிகை கேட்டில் கிரேன் மோட்டாரைத் தூக்கியதும் வண்டி பெருமூச்சு விட்டாற்போல ஒரு சாண் மேலே எழுந்தது. ஹனீப் பாய் குனிந்து புறங்கையை வைத்தார். எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஒன்று, இரண்டு என்று ஹெலன் மனசுக்குள் எண்ணினாள். பத்து வரை எடுக்கவில்லை.

"சுடுது" என்றார். "ஆனா கை தாங்குது."

லோகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வாக்கா, பைக்குல ஏறு. ஊட்டுக்குப் போலாம்."

ஹெலன் இறங்கவில்லை. விரல்களை மூக்கில் வைத்து முகர்ந்தாள். அழுகிய முட்டை நாற்றம். இன்னும் இருந்தது. பழவேற்காடு இங்கிருந்து இன்னும் எவ்வளவோ தூரம்.

"நீ போ லோகு. கடைக்குப் போனதும் மொதல்ல அந்த ரெண்டு துணியையும் அவுத்துப் போடு. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் ஒரு சொட்டு ஊத்தாத."

முன் ஜன்னலிலிருந்து நஜ்மாவின் கை நீண்டது. மடித்த துப்பட்டா ஒன்று அதிலிருந்தது.

"தலைக்குப் போட்டுக்க. வெயிலு" என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே. "தரைய வுட்டு மட்டும் கைய எடுத்துடாத."