சத்யப்ரியாவின் மொழிபெயர்ப்பு

எழுமலைக் கோயில் பந்தலில் நின்று சத்யப்ரியா பொய்மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லேசாகக் கிறுகிறுப்புக்கூட வந்துவிட்டது.

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ஆசாரி சோணைமுத்து ஊசியோடு காத்திருந்தார். அண்ணன் மனைவி ஹன்னா, ஜெர்மன்காரி, குழந்தையை இறுக்கி அணைத்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்: "விவரம் தெரியாத பிள்ளையின் காதைத் துளைப்பது சித்திரவதை."

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா அன்னக்கொடி.

"பட்டுப்பாவாடை அம்புட்டு அழகா இருக்காம்."

"அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கா? பச்சப்பிள்ளயத் தனி ரூம்ல போட்டுக் கதவச் சாத்துறவதானே. கொலகாரி!"

சத்யப்ரியா சட்டென்று திரும்பி, "நீங்க ரொம்பத் தைரியசாலியாம், மதினி" என்றாள் ஆங்கிலத்தில்.

இவர்கள் முட்டிக்கொண்டால் அண்ணன் இனி ஊருக்கே வரமாட்டான். அந்தப் பயம் ஒருபக்கம். அதற்கு மேலே, வெட்கமில்லாத ஒரு குஷி. இரண்டு நாடுகளும் தன் நாக்கு நுனியில் சமாதானமாக உட்கார்ந்திருக்கின்றனவே!

ஹன்னா கண்ணைச் சுருக்கினாள். பிறகு தமிழில், எழுத்தெண்ணிப் பேசினாள்: "கொலகாரி என்றால் தைரியசாலி இல்லை. சீரியலில் தினமும் வருகிறது."

"ஆத்தி!" அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். "தமிழ் தெரியுமா ஒனக்கு?"

"கொஞ்சம். நான் சித்திரவதை என்றேன். பாவாடை பற்றிப் பேசவில்லை."

இருவரும் சத்யப்ரியாவைப் பார்த்தார்கள்.

"பொய்க்காரி" என்றாள் ஹன்னா.

"சரியாச் சொன்ன தாயி. சின்னதுலருந்தே இப்படித்தான்."

அந்தத் தீர்ப்பில் மட்டும் பேதமே இல்லை. அதற்குப் பிறகு நேரடி யுத்தம்.

"காது குத்தினால் வலிக்கும்!"

"தனியாப் படுத்து அழுதா மட்டும் இனிக்குமா?"

ஹன்னா பிள்ளையின் காதுமடலைத் தடவிக்கொடுத்தாள். அன்னக்கொடியும் ஊசியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"சரி, ஒத்தக் காது. பிள்ள ஒங்கூடத்தான் படுக்கணும். மத்தக் காது அடுத்த வருசம்."

"அடுத்த வருடம் பேசுவோம். ஆனால் வருவோம்" என்றாள் ஹன்னா.

"ஒத்தக் காது குத்தி எனக்குப் பழக்கமில்லையே, அத்தாச்சி" என்றார் சோணைமுத்து.

"பழகிக்கங்க!" என்றாள் அன்னக்கொடி.

ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதார்கள். சத்யப்ரியா பந்தல் காலைக் கட்டிக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தாள்.