மறக்காத ரத்தம்

இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே உயிரை விட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிப் பிறந்தபோது, வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். வாசல் பார்த்த திசை சரியில்லை என்றார்கள். ராஜாத்தி எல்லாவற்றையும் நம்பி, வீட்டைக்கூட மாற்றினாள். மூன்றாவது தங்கியதும் யார் பேச்சையும் கேட்காமல் நேராக ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் டோரதி அவளையும் அவள் கணவன் செங்குட்டுவனையும் சேர்த்து உட்காரவைத்தாள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன், தலைத்துண்டோடு அப்படியே வந்திருந்தான்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா உனக்கு?" என்று ராஜாத்தியிடம் கேட்டாள் டாக்டர்.

"ஸ்கூலுக்குப் போவசொல்ல போட்டுச்சு."

"மறுபடி வந்துச்சா?"

"இல்ல டாக்டரம்மா. எம்பொண்ணு மகிழினிக்குப் போட்டப்பகூட நான்தான் கூடவே படுத்துக்கினு இருந்தேன். ஒண்ணும் ஆவல."

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு. இது நம்ம உடம்போடதா, வெளியிலேர்ந்து வந்ததான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். வெளியிலேர்ந்து வந்ததுன்னா, அதை அழிக்கிறதுக்குன்னே ஒரு எதிர்ப்புப் பொருளைச் செய்யும். முதல் தடவை அதைக் கத்துக்க நாளாகும். அந்த நாளெல்லாம் நீ காய்ச்சல்ல கிடந்தே. வேலை முடிஞ்சதும் அந்த அணுவில முக்கால்வாசி செத்துடும். கொஞ்சம் மட்டும் ஞாபகத்தோட தங்கிடும். அதே கிருமி திரும்ப வந்தா, உனக்குத் தெரியறதுக்குள்ள அடிச்சுடும்."

"நல்லதுதானே அது?" என்றான் செங்குட்டுவன்.

"நல்லதுதான். ஆனா இவ ரத்தம் நெகட்டிவ். நீங்களும் மகிழினியும் பாசிட்டிவ். மகிழினி பிறந்தப்ப அவ ரத்தம் கொஞ்சம் இவ உடம்புல கலந்திருக்கு. அதையும் வெளியிலேர்ந்து வந்ததுன்னு இவ உடம்பு கத்துக்கிச்சு. அதுக்குள்ள அவ பிறந்துட்டா, தப்பிச்சா. உடம்பு மட்டும் மறக்கலை."

தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்றும், பிறந்து சில மாதம்வரை பிள்ளையை நோயிலிருந்து காப்பதே அதுதான் என்றும் டாக்டர் சொன்னாள். அதே வழியில் ரத்தத்துக்கு எதிரான இந்தப் பொருளும் போய், பாசிட்டிவாக இருக்கும் வயிற்றுப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கிறது.

"அப்ப எம்புள்ளைய நான்தான் கொன்னேனா?"

"நீ இல்லம்மா. உன் உடம்பு."

"என் ஒடம்பு வேற, நான் வேறயா டாக்டரம்மா?"

முதல் பிரசவத்தின்போது ஊசி ஏதும் போட்டார்களா என்று டாக்டர் கேட்டாள்.

முதல் பிரசவம் முடிந்த கையோடு ஓர் ஊசி போட்டிருந்தால் உடம்பு கற்றுக்கொண்டிருக்காது. ஆனால் மகிழினி பிறந்த அன்று தெருவெல்லாம் இடுப்பளவு மழைத்தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்ததால் யாருக்கும் ஆஸ்பத்திரி நினைப்பே வரவில்லை.

"இப்ப அந்த ஊசியப் போட்டா?"

"கத்துக்கிட்டதை மறக்கவைக்க ஊசி இல்லைம்மா. அடிக்கடி ஸ்கேன் பார்ப்போம். தாங்காதுன்னு தெரிஞ்சா முன்னாடியே எடுத்து, குழந்தைக்கு ரத்தம் மாத்திப் பார்க்கலாம்."

அதற்குப் பிறகு ராஜாத்தி இளைத்துக்கொண்டே போனாள். மசக்கை என்று நினைத்த செங்குட்டுவன், ஒருநாள் ஷெட்டிலிருந்து சீக்கிரம் வந்தபோது, மீன்குழம்பு போட்டுப் பிசைந்த சோற்றை அவள் சாக்கடையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாமே பண்ற? புள்ளத்தாச்சி சோத்தக் கொட்டுவாளா?"

"துன்னாங்காட்டி எதிர்ப்பு சக்தி கொறஞ்சி பூடும்னு டிவில சொன்னாங்கய்யா. கொறயட்டும். அது சோந்து பூடுச்சின்னா புள்ளைய வுட்டுடும்ல?"

அவன் கையிலிருந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னபோது டாக்டர் அவளைத் திட்டவில்லை. "பட்டினி கிடந்தா குழந்தைதான் முதல்ல வாடும். அந்த எதிர்ப்புப் பொருள் வாடாது" என்று மட்டும் சொன்னாள். அன்று முதல் ராஜாத்தி தட்டில் வைத்ததையெல்லாம் விழுங்கினாள். ஒவ்வொரு கவளமும் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறதோ என்ற நினைப்பில் சோறு ருசிக்கவே இல்லை.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஸ்கேனில் குழந்தையின் வயிற்றில் நீர் தெரிந்தது. அன்றைக்கே அறுத்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. சோகை பிடித்து வெளிறியிருந்தது. நேரம் ஆக ஆக மஞ்சள் ஏறியது. மாற்றுவதற்கு நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. செங்குட்டுவன் துறைமுகம்வரை ஓடி, கிரேன் ஓட்டும் நெகட்டிவ் ரத்தக்காரக் கூட்டாளி அம்புரோஸைத் தேடிப்பிடித்தான். கிரீஸ் கறையோடு வந்த அம்புரோஸ் கையை நீட்டிப் படுத்து, "எவ்ளோ வோணும்னாலும் எடுத்துக்க நைனா" என்றான்.

பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, அம்புரோஸின் ரத்தத்தை உள்ளே செலுத்தினார்கள். உதட்டில் லேசாகச் சிவப்பு வந்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ராஜாத்தியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கண் திறந்து வெளிச்சத்துக்குக் கூசினான். தொட்டுப் பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்று ராஜாத்தி கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

ஏற்கெனவே களைத்துப்போயிருந்த இதயம் மறுநாள் மதியம் நின்றுவிட்டது. செங்குட்டுவனும் அம்புரோஸும் மூலகொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்கும் அடுத்த நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் பிரசவித்தவள் வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாள். அவளுடைய பெண் குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. டாக்டர் டோரதி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ராஜாத்தியிடம் வந்தாள்.

"உனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சும்மா. சீம்பால்ல நோயைத் தடுக்கற சக்தி இருக்கு. இந்தக் குழந்தைக்கு இப்ப அது கிடைச்சா நல்லது. உன் பால் இதை ஒண்ணும் பண்ணாது. சத்தியமா."

"வோணாம் டாக்டரம்மா."

"ராஜாத்தி…"

"எங்கிட்ட கொண்ணாராதீங்க. தூர எடுத்துக்கினு போங்க!"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஜாக்கெட் நனைந்து, படுக்கைவிரிப்பும் நனைந்தது. புட்டிப்பால் கரைத்து வரும்வரை அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அது அழ அழ இவளுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது.