கரையும் நூல்

மகாவலியில் குளிக்கும்போது என் பல்செட்டை ஒரு மீன் கவ்விக்கொண்டு போனதும், மறுநாள் அதே மீன் என்னைப் பார்த்துச் சிரித்ததும் உண்மை. இதை நம்பாத ஒரே ஆள் என் மனைவி அனீஸா. போன மாதம் குடல் முறுக்கி, கண்டியில் என் வயிற்றைக் கீறித் தைத்தார்கள். வார்டிலிருந்து தோஹாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அதையும் அவள் மீன் கணக்கில் சேர்த்துவிட்டாள். மகள் ஜஹானாவும் தாயின் கட்சி.

அனீஸா தோஹாவுக்குப் போனது ஜஹானாவின் பிரசவத்துக்கென்று. நாற்பது நாள் கழிந்ததும் திரும்புவதாகத்தான் பேச்சு. பேரன் இப்போது ஓடித் திரிகிறான். கெலிஓயா வீட்டில் அவளுடைய தேநீர்க் கோப்பையைத் தினமும் கழுவி வைப்பேன். அது அழுக்காவதே இல்லை.

தையலைப் படமெடுத்து அனுப்பினேன். ரயில் பாதையை எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.

என்னைத் தைத்த டொக்டர் சேந்தன் வார்டில் காயம் பார்க்க வந்தபோது, எப்படித் தைத்தீர்கள் என்று விசாரித்தேன். பருத்தித்துறைக்காரர், பொறுமைசாலி. தோலில் தெரிபவை தனித்தனி முடிச்சுகள், பிறகு வெட்டி எடுத்துவிடுவார்களாம். உள்ளே வயிற்றுச் சுவரைப் பிடித்திருப்பது ஒரே நூல். காயத்தைப்போல நாலு மடங்கு நீளம். சின்னச் சின்னதாய், நெருக்கமாய், ஒரே ஓட்டம். அது தானாகக் கரைய ஆறேழு மாதம் செல்லுமாம்.

"நல்லா இழுத்து இறுக்கினீங்களா?"

"இறுக்கக் கூடாது ஐயா. இறுக்கினால் சதை செத்துப்போகும். ரெண்டு விளிம்பும் தொட்டுக்கொண்டு நிண்டால் காணும்."

அன்று பின்னேரம் அனீஸா போன் எடுத்தாள். நான் இழுக்கவில்லை. வா என்று சொல்லவே இல்லை. பேரன் என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டேன். தன் வாப்பாவின் சப்பாத்துக்குள் மூத்திரம் பெய்துவிட்டு, பூனைதான் என்று கைகாட்டினானாம். அந்த வீட்டில் பூனையே கிடையாது.

சிரிக்கப் பார்த்தேன். வயிறு சுண்டி இழுத்தது. தலையணையை அமர்த்திக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். என் சிரிப்பு கம்பளை வரைக்கும் கேட்கும் என்பது உலகறிந்தது. அது வராமல், பிடித்து விட்ட மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்டது. ஜஹானாவை அனீஸாவின் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்.

"ஜஹானாட வாப்பா, தலகணிய வயித்தோட அமத்திப் புடிச்சீக்கீங்களா?"

"ம்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"உள்ளுக்குப் போட்டது கரையுற நூல்தானே? அது கரையுறதுக்கு முந்தி நான் வந்துடணும். எப்ப கரையுமாம்?"

"வாற வெள்ளிக்கிழம," என்றேன்.