ஹவுளுக்குள் ஊற்றிய அசிட்

எங்கள் பள்ளிவாசலில் ஒளு எடுக்கிற, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற, தொட்டிக்கு ஹவுள் என்று பெயர். ஆளுயரம் ஆழம், ஒரு மூலையில் மட்டும் படி. நோன்புக்கு நாலு நாள் முன்னம் தண்ணீரை இறைத்துவிட்டு அதைக் கழுவுவது எனக்கும் என் தங்கச்சியின் புருஷன் ஆதம்பாவாவுக்கும் வருஷா வருஷம் உள்ள வேலை. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். மாபிள் கல்லெல்லாம் செம்மண் பூசின மாதிரிக் கறை பிடித்துவிடும்.

சுகாதாரப் பரிசோதகர் பிளீச்சிங் பவுடர் போதும் என்றார். ஹாட்வெயார் கடைக்காரன் அசிட்தான் கறையை எடுக்கும் என்றான். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. பரிசோதகர் சும்மா தருகிற பவுடரில் பாதி சுண்ணாம்பாக இருக்கும். கடைக்காரன் விற்கப் பேசுகிறவன். ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கட்டும் என்று இரண்டையும் கொண்டுவந்தேன்.

ஆதம்பாவா உள்ளே இறங்கி ஈரச்சுவர் முழுக்கப் பவுடரைத் தேய்த்தான்.

“மச்சான், பூசி முடிஞ்சி. இனி அசிட்ட ஊத்துங்க.”

மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா டீச்சரின் வீடு. ஏ.எல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தவள், நாங்கள் கதைக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“காக்கா, ஊத்தாதீங்க! நஞ்சு வாயு வரும்!”

“நீங்க கண்டிருக்கீங்களா டீச்சர்?”

“காணத் தேவையில்ல. ஒட்சியேற்ற எண்ணப் பார்த்தாலே தெரியும். பவுடருக்குள்ள குளோரீன் பிளஸ் ஒண்டில நிக்கிது. அசிட்டுக்குள்ள அதே குளோரீன் மைனஸ் ஒண்டில நிக்கிது. ரெண்டும் சேர்ந்தா மேல நிக்கிறது இறங்கும், அது தாழ்த்தல். கீழ நிக்கிறது ஏறும், அது ஒட்சியேற்றம். ரெண்டும் சைபருக்கு வரும்.”

“சைபரெண்டா ஒண்டுமில்லத்தானே. பிறகென்ன பயம்?”

ஆதம்பாவா உள்ளே நின்று சிரித்தான். “நம்மளையும் சோதின எழுத வெக்கப் போறா மச்சான்.”

“எண்தான் சைபர் காக்கா! சைபரில நிக்கிற குளோரீன் வாயு. நெஞ்ச எரிச்சிப் போடும்! முதல்ல அவர மேல எடுங்க!”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கண்ணால் காணாததை எண் போட்டுச் சொன்னால் எப்படி நம்புவது? கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று போத்தலைச் சரித்தேன். கொஞ்சத்துக்கு என்ன ஆகிவிடும் என்று ஆதம்பாவாவை மேலே எடுக்கவுமில்லை.

சுவர் சீறி நுரைத்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை வந்தது. மேலே வரவில்லை. அவன் முழங்காலைச் சுற்றிக் கிடந்து, பிறகு இடுப்புக்கு வந்தது.

ஒருதரம் இருமினான். அடுத்த இருமல் நிற்கவேயில்லை. தூரிகையைப் போட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தினான். படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவினான். நான் படிப் பக்கம் ஓடி இறங்கப் போனேன்.

“நீங்க இறங்காதீங்க! அது காத்த விடப் பாரம், கீழதான் நிக்கும்! கயிறு போடுங்க!” டீச்சரின் சத்தம்.

வாளிக் கயிற்றை எறிந்தேன். அவன் கையில் படவில்லை. மறுபடி எறிந்தேன். மூன்றாம் முறை அவன் தோளில் விழுந்தது.

“கையில சுத்திப் புடி! யா அல்லாஹ், புடி மச்சான்!”

படிப் பக்கமாக இழுத்தேன். அவன் தவழ்ந்து ஏறி, என் காலடியில் வாந்தி எடுத்தான். உதடு நீலம்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன கலந்தது என்று டொக்டர் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பொலிசை நினைத்தேன். தங்கச்சியை நினைத்தேன். அவனுடைய நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது.

“பிளீச்சிங் பவுடரும் அசிட்டும். நான்தான் ஊத்தின.”

ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். நாளைக்குப் பகல் வரைக்கும் ஒன்றும் சொல்லேலாது, நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டலாம் என்றார் டொக்டர். இந்த முறை நான் கேள்வி கேட்கவில்லை.

ஆதம்பாவா முகமூடியைக் கழற்றப் பார்க்கிறான். மூச்சு முட்டுதாம். அவன் கையை விலக்கி, அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கையை எடுக்கப் பயமாக இருக்கிறது.