கைப்பிடியில் தொங்கிய பை

பதினொரு வருடமாக இந்த ஊரின் தெருக்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். மொராவா ஆற்றங்கரையிலிருந்து பேருந்து நிலையம் வரை என் துடைப்பம் படாத மூலை கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே, தொட்டிக்கு வெளியே குப்பை போட்ட குற்றம் என்று நகராட்சியிலிருந்து ஒரு கடிதம். புதன்கிழமை மாலை மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். பெயர் என்னுடையதுதான், யாகோதா. செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பது, பேக்கரிக்கு எதிரே உள்ள தொட்டி. எல்லாம் சரி. என்ன குப்பை என்றுதான் விளங்கவில்லை.

கடைசி வரிதான் பயமுறுத்தியது. குற்றம் உறுதியானால் பணியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமையை நிமிடம் நிமிடமாக யோசித்துப் பார்த்தேன். அய்வார் துவையல் அரைக்கச் சுட்ட குடைமிளகாயின் தோல் பழுப்புத் தொட்டியில். தயிர் டப்பா மஞ்சளில். மீதி கறுப்பில். மூடியைக்கூட அழுத்தி மூடினேன். மார்ச் மாதம் குப்பையைப் பிரித்துப் போடும் புது விதிகளை அச்சடித்த தாளை மூன்று தெருவுக்கும் வீடு வீடாகக் கொடுத்தவளே நான்தான். "குழம்பாதீங்க, ரொம்ப சுலபம்" என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். நன்றாக வேண்டும் எனக்கு.

எதிர்வீட்டு தேசங்காவிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"என்னடி இது, துடைப்பத்தைப் புடிச்சவளையே புடிச்சுட்டாங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போட்டுக் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நகராட்சி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் ராதிசாவுக்கு நாற்பது வயது இருக்கும். தெருவில் பார்த்தால் தலையசைக்கிற மனிதர், அன்று அசைக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். தெருக் கேமரா எடுத்த படம். தொட்டியின் கைப்பிடியில் நான் ஒரு பையை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"ஐயோ தம்பி, இது ரொட்டி!"

"தெரியுது. தொட்டிக்கு வெளிய இருக்கு."

"ரொட்டியை யாராவது தொட்டிக்குள்ள போடுவாங்களா? காய்ஞ்சதைப் பையில கட்டி மாட்டி வச்சா, வேணுங்கிறவங்க எடுத்துக்குவாங்க. ஆட்டுக்கு, கோழிக்கு, பசிச்ச மனுஷனுக்கு. உங்க அம்மா மாட்டினது இல்லையா?"

"எங்க அம்மாவை விடுங்க. வெளிய எது இருந்தாலும் அது குப்பைன்னு விதி சொல்லுது."

"சரி, குப்பைன்னே வச்சுக்குவோம். எந்தத் தொட்டியில போடணும்? பழுப்பா, கறுப்பா?"

மேசை இழுப்பறையைத் திறந்தார். நான் வீடு வீடாகக் கொடுத்த அதே விதித் தாளை எடுத்துப் பார்த்தார். முட்டை ஓடு, காபித்தூள், ஆப்பிள் தோல் எல்லாம் இருந்தன. ரொட்டியைக் காணோம். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இல்லை. எழுதினவருக்கே அதைக் குப்பைப் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லையோ என்னவோ.

"ஏதோ ஒண்ணு," என்றார் எரிச்சலாக. "மார்ச்சுல கேமரா வந்ததுலேருந்து ரொட்டியை எடுக்கவும் ஆள் வர்றதில்ல. உங்க பை இன்னும் அங்கதான் தொங்குது. வாங்க, என் முன்னாடி உள்ள போடுங்க. சரி செய்யப்பட்டதுன்னு எழுதிடறேன். நாளைக்கு நீங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அவர் காரிலேயே போனோம். பையைக் கழற்றினேன், மூடியைத் தூக்கினேன். உள்ளே டயப்பர், மீன் தலை, அறுந்த செருப்பு. பையைப் பிடித்த கை தொட்டியின் விளிம்புவரை போனது. நாளைய கையெழுத்தை நினைத்துக்கொண்டேன். விரல் திறக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. ஒரு காய்ந்த ரொட்டிக்காக வேலையை விடுகிற பைத்தியக்காரி எங்காவது உண்டா?

"என்னால முடியல தம்பி. நீங்களே போடுங்க."

"இதுல என்ன இருக்கு? குடுங்க இப்படி."

பிடுங்கிய வேகத்தில் ஒரு துண்டு தரையில் விழுந்தது. சட்டென்று குனிந்து எடுத்தார். ஊதினார். கீழே விழுந்த ரொட்டிக்கு எங்கள் அம்மாக்கள் செய்வதுபோல உதட்டில் வைத்து முத்தமிட்டார். அதன் பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. காது சிவந்துவிட்டது. துண்டைப் பைக்குள் போட்டார். தொட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மூடியை இறக்கிவிட்டார்.

பிறகு, எதுவும் தொங்காத கைப்பிடியை ஃபோனில் படம் எடுத்தார்.

"வெளிய ஒண்ணும் இல்ல. சரி செய்யப்பட்டது. நீங்க போகலாம்."

"பை உங்க கையில இருக்கே?"

"என் கையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

வேலை தப்பியது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் எனக்கு முன்னைவிடத் தலை சுற்றியது. நான் செய்தது குற்றமா, இல்லையா? அவர் கார்க் கதவைத் திறக்கும்போது பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"தம்பி, அடுத்த வாரமும் ரொட்டி மிஞ்சுமே. அதை எங்க போடறது?"

அவர் பையைப் பின்சீட்டில் நசுங்காமல் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"என்னைக் கேக்காதீங்கக்கா. மார்ச்சுலேருந்து எங்க வீட்டு ஃப்ரீசர் முழுக்கப் பழைய ரொட்டிதான். கறி வைக்க இடமில்லைன்னு பொண்டாட்டி தினமும் கத்துறா."